ஆள்மாறாட்டம் செய்யும் ஹார்மோன்கள்

நாடி பார்த்து நோய் சொன்ன காலம் மாறி, ஆய்வுக்கூடத்துத் தாளைப் பார்த்து நோய் சொல்லும் காலத்தில் நாம் வாழ்கின்றோம். காலையில் ஒரு குப்பி இரத்தம் கொடுத்தால் மாலையில் முடிவு கைப்பேசிக்கே வந்து சேர்ந்துவிடுகின்றது. மருத்துவர் பார்ப்பதற்கு முன்னரே வீட்டார் பார்த்துவிடுகின்றனர். எல்லையைக் கடந்த எண் தடித்த எழுத்தில் நிற்கும். அதைக் கண்டு ஒரு வீட்டில் மகிழ்ச்சி. மற்றொரு வீட்டில் கலக்கம். சொந்த ஊரில் இருந்தால் அனுபவம் முதிர்ந்த பெரியவர் ஒருவர் வந்து ஆறுதல் கூறுவார். தில்லி, மும்பை, கொல்கத்தா என்று பிழைப்பை நாடி வந்து தங்கிவிட்ட நம்மவர்க்கு அத்தகைய துணை எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே, அந்த எண் எவ்வாறு பிறக்கின்றது, அஃது எப்போது நம்மை ஏமாற்றக்கூடும் என்பதை நாமே ஓரளவு அறிந்து வைத்திருத்தல் நலம்.

எல்லாப் பரிசோதனைகளையும் பற்றி இங்கே கூறப் புகவில்லை. மகப்பேற்றோடு தொடர்புடைய ஹார்மோன்களை அளக்கும் பரிசோதனைகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். இவற்றில் ஒரு விந்தை உண்டு. ஒரு ஹார்மோனை அளக்கப் புகும்போது, அதற்கு உறவான வேறொரு ஹார்மோன் குறுக்கே வந்து, தன்னையே அதுவாகக் காட்டிவிடும். கருவுறாத பெண்ணைக் கருவுற்றவளாகவும், நோய் நீங்கியவளை நோயாளியாகவும் காட்டக்கூடிய இந்த ஆள்மாறாட்டத்தோடு அறிஞர்கள் ஏறக்குறைய நூறாண்டுகளாகப் போராடி வந்திருக்கின்றனர். பெரும்பகுதி வெற்றியும் கண்டிருக்கின்றனர். எஞ்சிய சிறு பகுதியைப் பற்றித்தான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

அளப்பது எவ்வாறு?

ஹார்மோன்கள் நாளமில்லாச் சுரப்பிகளில் தோன்றி நேரே இரத்தத்தில் கலக்கும் பொருள்கள். அவற்றின் அளவு மிக மிக நுண்ணியது. மாதவிடாயின் தொடக்க நாள்களில் ஒரு பெண்ணின் ஒரு லிட்டர் இரத்தத்தில் உள்ள எஸ்ட்ரடையால் என்னும் ஹார்மோன், ஒரு கிராமைக் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கைவிடக் குறைவு. இதனை எந்தத் தராசில் இட்டு நிறுப்பது? நிறுக்க இயலாதாகையால், ஆய்வாளர்கள் வேறு வழியை நாடினர். பொருளை எடையால் அளவாமல் உருவத்தால் அடையாளம் காண்பதே அவ்வழி.

உடலில் அந்நியப் பொருள் ஒன்று நுழைந்தால், அதன் உருவத்துக்கு ஏற்றபடி அதனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்றை உடல் உண்டாக்கும். மனித ஹார்மோனை முயலின் உடலில் செலுத்தினால், முயலின் இரத்தத்தில் அந்த ஹார்மோனைப் பற்றும் எதிர்ப்பொருள் தோன்றும். அதனைப் பிரித்தெடுத்து வைத்துக்கொண்டால், எந்த இரத்தத்திலும் அந்த ஹார்மோனைத் தேடிப் பிடிக்க அது கருவியாகும். இவ்வுண்மையைக் கொண்டு இரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்கும் முறையை நியூயார்க் நகரத்தில் ராசலின் யாலோ என்ற பெண்மணியும் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரும் 1960ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டனர். பெர்சன் 1972இல் காலமானார். யாலோ 1977இல் நோபெல் பரிசு பெற்றார். இன்று நம் தெருமுனை ஆய்வுக்கூடங்களில் நடைபெறும் ஹார்மோன் பரிசோதனைகளுள் பெரும்பாலானவை இந்த எதிர்ப்பொருள் முறையின் வழிவந்தவையே.

ஆனால் எதிர்ப்பொருளுக்குக் கண் இல்லை. ஹார்மோன் முழுவதையும் அது பார்ப்பதில்லை. அதன் ஏதேனும் ஒரு மூலையை, ஒரு வளைவை, ஒரு முனையை மட்டும் பற்றிக்கொள்ளும். அதே மூலை வேறொரு பொருளிலும் இருந்தால் அதனையும் பற்றிக்கொள்ளும். ஆள்மாறாட்டம் இங்கேதான் தொடங்குகின்றது.

நான்கு சகோதரிகள்

மூளையின் அடியில் பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி மூன்று ஹார்மோன்களை அனுப்புகின்றது. சூலகத்தில் சினைமுட்டையை வளர்ப்பது எஃப்.எஸ்.எச். முதிர்ந்த முட்டையை வெளிவரச் செய்வது எல்.எச். கழுத்தில் உள்ள தைராய்டுச் சுரப்பியைத் தூண்டுவது டி.எஸ்.எச். இவற்றோடு நான்காவதாக ஒன்று உண்டு. கருவுற்ற பெண்ணிடத்தில் நச்சுக்கொடி ஆகப்போகும் திசுக்களிலிருந்து தோன்றுவது எச்.சி.ஜி. கர்ப்பத்தை உறுதி செய்யும் பரிசோதனைகள் யாவும் இதனைத் தேடும் பரிசோதனைகளே.

இந்நான்கும் ஒரே குடும்பத்துச் சகோதரிகள். ஒவ்வொன்றும் இரண்டு துண்டுகள் இணைந்து அமைந்தது. ஆல்பா எனப்படும் முதல் துண்டு 92 அமினோ அமிலங்களால் ஆனது. அது நான்கிலும் ஒன்றே. பீட்டா எனப்படும் இரண்டாம் துண்டுதான் இவள் யார் என்பதைக் காட்டுவது. அதிலும் எல்.எச்.சும் எச்.சி.ஜி.யும் மிக நெருங்கியவை. எல்.எச்.சின் பீட்டாவில் 121 அமினோ அமிலங்கள், எச்.சி.ஜி.யின் பீட்டாவில் 145. இரண்டுக்கும் பொதுவான நீளத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை ஒத்திருக்கின்றன. எச்.சி.ஜி.க்கு மட்டும் இறுதியில் ஒரு நீண்ட வால் உண்டு.

வடநாட்டில் வாழும் நமக்கு இதனை விளக்க நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. தமிழர், தெலுங்கர், கன்னடியர், மலையாளி ஆகிய நால்வரையும் ஒரே பெயரால் ‘மதராசி’ என்று அழைக்கும் வழக்கத்தை நம்முள் அறியாதார் யார்? நடையும் உடையும் இட்டலியும் மட்டும் கண்டவர்க்கு நால்வரும் ஒருவரே. வாயைத் திறந்து பேசக் கேட்டவர்க்குத்தான் வேற்றுமை புலப்படும். ஆல்பாத் துண்டைப் பற்றும் எதிர்ப்பொருள் முன்னவரைப் போன்றது. பீட்டாத் துண்டைப் பற்றுவது பின்னவரைப் போன்றது. ஆயினும் பேச்சிலும் நெருங்கிய கிளைமொழிகள் இருப்பதுபோல, எல்.எச்.சின் பீட்டாவும் எச்.சி.ஜி.யின் பீட்டாவும் தேர்ந்த செவியைக்கூட ஏமாற்ற வல்லவை.

ஆய்வுக்கூடத்துக் குழாய் மட்டுமன்று, நம் உடலே இவ்விரண்டையும் வேறுபடுத்துவதில்லை. சூலகத்தில் இரண்டுக்கும் ஒரே வரவேற்பறைதான். எல்.எச். செய்யும் வேலையை எச்.சி.ஜி.யும் செய்யும். குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் முட்டை வெளிவருவதற்காக எச்.சி.ஜி. ஊசி போடுவது இந்த ஒற்றுமையைப் பயன்படுத்தியே. உடலுக்கு நன்மை தரும் இவ்வொற்றுமைதான் அளவையில் தொல்லை தருகின்றது.

சுண்டெலியில் தொடங்கிய கதை

பெர்லின் நகரத்தில் செல்மார் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற இரு மருத்துவர்கள் 1928ஆம் ஆண்டையொட்டி ஒரு கர்ப்பப் பரிசோதனையை உலகுக்கு அறிவித்தனர். பெண்ணின் சிறுநீரைப் பருவமெய்தாத பெண் சுண்டெலிகளுக்கு ஊசிவழியே செலுத்துவர். சில நாள்கள் கழித்து எலியை அறுத்து அதன் சூலகத்தைப் பார்ப்பர். அதில் இரத்தப் புள்ளிகளோ, முட்டை வெளிவந்த அடையாளமோ காணப்பட்டால் அப்பெண் கருவுற்றவள் என்று கொள்வர். அக்காலத்தில் இது பெரும் வியப்பு.

ஆனால் அப்போதே ஒரு சிக்கல் தலைகாட்டிற்று. மாதவிடாய் நின்றுபோன பெண்களின் சிறுநீரும் எலியின் சூலகத்தில் ஓரளவு மாறுதலை உண்டாக்கியது. காரணம் இப்போது நமக்குத் தெளிவாகத் தெரிகின்றது. சூலகம் ஓய்ந்த பிறகு பிட்யூட்டரி அதனைத் தூண்ட முயன்று எஃப்.எஸ்.எச்.சையும் எல்.எச்.சையும் பன்மடங்கு அனுப்புகின்றது. சகோதரிகள் இருவரும் சிறுநீரில் வந்து நின்றால், பாவம், சுண்டெலி என்ன செய்யும்? ஆகவே, சூலகம் வெறுமனே பருத்திருந்தால் போதாது, இரத்தப் புள்ளியோ அதற்கு மேற்பட்ட அடையாளமோ இருந்தால்தான் கர்ப்பம் என்று விதி வகுத்தனர். யூதர்களான அவ்விரு மருத்துவர்களும் நாஜி ஆட்சியின் கொடுமையால் பின்னர் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. ஆஷ்ஹைம் பாரிஸிலும் சோண்டெக் ஜெருசலேமிலும் குடியேறினர்.

1960ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர்களாகிய லெய்ஃப் வைட், கார்ல் கெம்செல் ஆகியோர் உயிருள்ள பிராணியை நீக்கிவிட்டு, எதிர்ப்பொருளைக் கொண்டே கர்ப்பத்தைக் காணும் முறையை வெளியிட்டனர். ஆட்டின் இரத்தச் சிவப்பணுக்களின்மீது எச்.சி.ஜி.யைப் பூசி, எதிர்ப்பொருளோடு சேர்த்தால் அணுக்கள் திரண்டுகொள்ளும். இடையே எச்.சி.ஜி. உள்ள சிறுநீரைச் சேர்த்தால் எதிர்ப்பொருள் அதனோடு போய்விடும், அணுக்கள் திரளா. நாள்கணக்கில் காத்திருந்த முடிவு மணிக்கணக்கில் கிடைத்தது. எலியும் முயலும் தவளையும் பிழைத்தன. ஆனால் அந்த எதிர்ப்பொருள் எல்.எச்.சையும் பற்றியது. முட்டை வெளிவரும் நாளில் எல்.எச். திடீரென உயரும், மாதவிடாய் நின்றவர்க்கு எப்போதும் உயர்ந்தே இருக்கும். அவர்களையெல்லாம் கர்ப்பிணிகள் என்று காட்டாதிருக்க வேண்டுமானால், பரிசோதனையின் கூர்மையை வேண்டுமென்றே மழுக்க வேண்டியிருந்தது. அதனால் கர்ப்பத்தின் முதல் நாள்களில் உண்மையான எச்.சி.ஜி.யும் கண்ணுக்குப் படாமல் போயிற்று. ஒரு பொய்யைத் தவிர்க்க ஒரு மெய்யைக் கைவிட்ட நிலை அது.

உயிரைப் பற்றிய கேள்வி

கர்ப்பம் உண்டா இல்லையா என்பது சில வாரம் காத்திருந்தால் தானே தெரிந்துவிடும். காத்திருக்க இயலாத இடம் ஒன்று இருந்தது. கருப்பையில் குழந்தைக்குப் பதிலாகத் திராட்சைக் குலைபோல் நீர்க்கொப்புளங்கள் வளர்வதை நம் ஊரில் முத்துப்பிள்ளை என்பர். இதன் தொடர்ச்சியாகச் சிலருக்கு நச்சுக்கொடித் திசுவிலிருந்து கோரியோகார்சினோமா என்னும் கொடிய புற்று தோன்றும். 1950களுக்கு முன்னர் அது பரவிவிட்டால் மீட்சி அரிது. அமெரிக்க அரசின் ஆராய்ச்சி மருத்துவமனையில் மின் சியு லீ, ராய் ஹெர்ட்ஸ் ஆகிய மருத்துவர்கள் 1956இல் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தால் அந்நோயை முறியடித்துக் காட்டினர். திரண்ட புற்று ஒன்று மருந்தால் முற்றிலும் குணமான முதல் வெற்றிகளுள் அஃது ஒன்று.

இப்புற்று எச்.சி.ஜி.யைச் சுரப்பது. ஆகவே எச்.சி.ஜி.யின் அளவே சிகிச்சைக்கு வழிகாட்டி. கண்ணுக்குத் தெரிந்த கட்டி மறைந்த பிறகும் ஹார்மோன் எஞ்சியிருந்தால் நோய் எங்கோ ஒளிந்திருக்கின்றது என்று பொருள். மருந்தைத் தொடர வேண்டும். ஹார்மோன் முற்றிலும் அகன்றால்தான் நிறுத்தலாம். ஆனால் எஞ்சிய அந்தச் சிறு அளவு உண்மையில் எச்.சி.ஜி.தானா? மருந்தின் வேகத்தால் சூலகம் தளர்ந்தால் பிட்யூட்டரி எல்.எச்.சைக் கூட்டும், பழைய முறை அதனை எச்.சி.ஜி. என்றே எண்ணும். நோய் நீங்கிய பெண்ணுக்கு நஞ்சன்ன மருந்தைத் தொடர்ந்து கொடுக்க நேரலாம். அன்றி, இஃது எல்.எச்.தான் என்று தவறாகக் கருதி நிறுத்தினால், ஒளிந்திருக்கும் புற்று மீண்டும் தலைதூக்கலாம். இரு பக்கமும் அபாயம்.

இதற்கு விடை கண்டவர்கள் அந்நாட்டுத் தேசியச் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜூடித் வைட்டுகைட்டிஸ் என்ற அம்மையாரும், அவருடன் உழைத்த பிரான்ஸ்டீன், ராஸ் ஆகியோரும். முழு எச்.சி.ஜி.யைக் கொண்டு எதிர்ப்பொருள் உண்டாக்காமல், அதன் பீட்டாத் துண்டை மட்டும் பிரித்தெடுத்து, அதற்கு எதிராக உண்டாக்கினர். எல்.எச். நிறைந்த இரத்தத்திலும் எச்.சி.ஜி.யைத் தனித்து அளக்க வல்ல அம்முறையை 1972இல் வெளியிட்டனர். இன்று ஆய்வுத்தாள்களில் ‘பீட்டா எச்.சி.ஜி.’ என்று நாம் காணும் பெயருக்கு மூலம் இதுவே. நோயாளிகளின் பொருட்டுப் பிறந்த இந்த முறையே, மாதவிடாய் தள்ளிப்போகும் நாளிலேயே கர்ப்பத்தைச் சொல்லும் இன்றைய எளிய பட்டைகளுக்கும் வழி வகுத்தது. 1975இல் கேம்பிரிட்ஜில் கோஹ்லர், மில்ஸ்டைன் ஆகியோர் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் வழியைக் கண்ட பிறகு, இரண்டு எதிர்ப்பொருள்கள் இரு பக்கமும் பிடித்தால்தான் கணக்கில் கொள்ளும் முறை வந்தது. ஆள்மாறாட்டம் பெரிதும் குறைந்தது.

தில்லியில் நடந்த முயற்சி

இதே கேள்வி நம் நாட்டிலும் வேறோர் உருவில் எழுந்தது. தில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ந்து, பின்னர் தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தை நிறுவி நடத்திய ஜி. பி. தல்வார், கர்ப்பத்தைத் தற்காலிகமாகத் தடுக்கும் ஒரு தடுப்பூசியை உருவாக்க முற்பட்டார். பெண்ணின் உடலே எச்.சி.ஜி.க்கு எதிர்ப்பொருள் உண்டாக்கினால் கரு நிலைக்காது என்பது அதன் அடிப்படை. ஆனால் அந்த எதிர்ப்பொருள் சகோதரிகளையும் சேர்த்துப் பற்றினால் என்ன ஆகும்? முட்டை வெளிவருவது தடைப்படலாம், தைராய்டும் கெடலாம். ஆய்வுக்கூடத்தில் எண் பிழைப்பதோடு முடிந்த தொல்லை, இங்கே உடலையே தாக்கும். ஆகவே அவரும் பீட்டாத் துண்டையே தேர்ந்து, அதனை டெட்டனஸ் நச்சின் வலுவிழந்த வடிவத்தோடு பிணைத்தார். அவ்வாராய்ச்சி 1976இல் வெளியாயிற்று. பின்னர் திருத்தியமைத்த ஊசியைப் பெண்களுக்குச் செலுத்திக் கண்ட முடிவுகள் 1994இல் வெளியாயின. போதிய எதிர்ப்பொருள் இருந்த 1224 மாதச் சுழற்சிகளில் ஒரே ஒரு கர்ப்பம்தான் நேர்ந்தது. மாதவிடாய் ஒழுங்காகவே நடந்து வந்தது. அம்மருந்து பொது வழக்குக்கு வரவில்லை எனினும், சகோதரிகளைப் பிரித்தறியும் கலையில் நம் நாட்டார்க்கும் பங்குண்டு என்பதற்கு அது சான்று.

இன்று நம் வீடுகளில்

இவ்வளவு முன்னேற்றத்துக்குப் பின்னும் எஞ்சியிருக்கும் இடர்கள் எவை? நம் இல்லங்களில் நேரக்கூடிய சிலவற்றைப் பார்ப்போம்.

குழந்தையை எதிர்நோக்கும் இளந்தம்பதியர், முட்டை வெளிவரும் நாளை அறிய எல்.எச். பட்டை வாங்குகின்றனர். கருவுற்ற பிறகு அப்பட்டையில் சோதித்தால், எச்.சி.ஜி.யை எல்.எச். என்று எண்ணி அது கோடு காட்டக்கூடும். ஆகவே அக்கோட்டைக் கொண்டு எதையும் முடிவு செய்தல் ஆகாது. கர்ப்பத்துக்குரிய பட்டையே அதற்குக் கருவி. அவ்வாறே, எச்.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டவர்க்கு ஏறக்குறைய இரண்டு வாரம் வரை ஊசி மருந்தே இரத்தத்திலும் சிறுநீரிலும் இருக்கும். அந்நாள்களில் கர்ப்பப் பட்டையில் தோன்றும் கோட்டைக் கண்டு ஊருக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் பின்னர் வருந்துவதைவிட, மருத்துவர் குறித்த நாள் வரை பொறுத்திருத்தல் மேல்.

இரண்டாவது, மாதவிடாய் நின்ற அம்மையார்களைப் பற்றியது. அறுவை சிகிச்சைக்கு முன்னர் எச்.சி.ஜி. பார்க்கும் வழக்கம் பல மருத்துவமனைகளில் உண்டு. ஐம்பத்திரண்டு வயதான ஓர் அம்மையாருக்கு 9 அலகு என்று வருவதாக வைத்துக்கொள்வோம். ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்று தாளில் அச்சாகியிருக்கும். குடும்பமே திகைக்கும். புற்றோ என்ற அச்சம் ஒரு பக்கம். வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஐயம் மற்றொரு பக்கம். உண்மை என்னவெனில், மாதவிடாய் நின்ற பிறகு பிட்யூட்டரியே எல்.எச்.சோடு சிறிதளவு எச்.சி.ஜி.யையும் சுரக்கின்றது. இவ்வயதினர்க்கு 14 அலகு வரை இயல்பாகக் கொள்ளலாம் என்று ஆராய்ச்சியாளர் கூறியுள்ளனர். எஃப்.எஸ்.எச்.சையும் சேர்த்துப் பார்த்து அது மிக உயர்ந்திருந்தால், எச்.சி.ஜி.யின் ஊற்று பிட்யூட்டரியே என்று பெரும்பாலும் தெளியலாம். ஐயம் நீங்காவிடில், இரண்டு வாரம் எஸ்ட்ரோஜன் கொடுத்துப் பிட்யூட்டரியை அடக்கிப் பார்த்தால் எண் தாழ்ந்துவிடும். ஓர் எண்ணை மட்டும் நம்பி அறுவையை ஒத்திவைப்பதும், அதனினும் கொடிதாக ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை ஐயுறுவதும் அறியாமையின் விளைவுகள்.

மூன்றாவது, நம் குடும்பங்களில் மிகப் பழகிப்போனது. கோயில் திருவிழா, திருமணம், யாத்திரை என்றால் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை விழுங்குவது வழக்கமாகிவிட்டது. அம்மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது நாரெதிஸ்டெரோன். அஃது உருவ அமைப்பில் ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டெரோனுக்கு மிக நெருங்கியது. பெண்களுக்கும் டெஸ்டோஸ்டெரோன் சிறிதளவு உண்டு. ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முகத்தில் ரோமம், ஒழுங்கற்ற மாதவிடாய் ஆகியவற்றுக்காக ஒரு மகளுக்கு அதனை அளக்கும்போது, அவள் அக்காவின் திருமணத்துக்காக அம்மாத்திரையை உண்டுகொண்டிருந்தால், சில பரிசோதனை முறைகள் மாத்திரையையும் சேர்த்து எண்ணிவிடும். ஆண்களின் பெரிய அளவில் இத்தகைய பிழை தெரியாது. பெண்களின் சிறிய அளவில் அதுவே நோய்போல் தோன்றும். ஐயமுள்ள இடத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவியால் அளக்கச் சொல்வர். அது உருவத்தை நம்பாமல் மூலக்கூறின் நிறையைக் கொண்டே அடையாளம் காண்பது; ஆகையால் இவ்வகை ஏமாற்றத்துக்கு அவ்வளவு எளிதில் ஆளாவதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ளவேண்டும். ஒரு ஹார்மோன் மற்றொன்றின் அளவை உண்மையாகவே மாற்றுவதும் உண்டு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் எச்.சி.ஜி. தைராய்டைச் சற்றுத் தூண்டுவதால் டி.எஸ்.எச். மெய்யாகவே குறைகின்றது, அது பரிசோதனையின் பிழையன்று. கருத்தடை மாத்திரையில் உள்ள எஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டெரோனைச் சுமந்து செல்லும் புரதத்தை ஈரலில் பெருக்குகின்றது. அப்போது மொத்த அளவு ஒன்று சொல்லும். சுமையினின்று விடுபட்டுத் தொழில் செய்யும் பகுதியின் அளவு வேறொன்று சொல்லும். எண் ஏன் மாறிற்று என்று கேட்கும்போது, உடல் மாறியதா, அளவை ஏமாந்ததா என்ற இரு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, ஆய்வுக்கூடத்துக்குப் போகும்போது உண்ணும் மாத்திரை, போட்டுக்கொண்ட ஊசி அனைத்தையும் பெயரோடும் நாளோடும் எழுதிக் கொடுங்கள். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையும், முடிக்கும் நகத்துக்கும் உண்ணும் பயோட்டின் மாத்திரையும் மருந்தல்ல என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். பயோட்டின் ஹார்மோன் அல்லவாயினும், சில பரிசோதனைகளைக் குழப்பும்.

இரண்டாவது, தொடர்ந்து பார்க்கவேண்டிய பரிசோதனையை ஒரே ஆய்வுக்கூடத்தில் பாருங்கள். நம் பெண்கள் கருவுற்ற சில வாரங்களிலேயே தாய்வீட்டுக்குப் போவதுண்டு. தில்லியில் ஒரு கூடத்தில் வந்த எண்ணையும் திருச்சியில் வேறொரு கூடத்தில் வந்த எண்ணையும் அருகருகே வைத்து, ஏறிற்று, இறங்கிற்று என்று கணக்கிடுதல் கூடாது. இரண்டு இடங்களிலும் எதிர்ப்பொருள் வேறு, அளவையும் வேறு. பழைய தாள்களை எடுத்துச் செல்லுங்கள். ஆனால் ஒப்பிடும் பணியை மருத்துவரிடம் விடுங்கள்.

மூன்றாவது, எதிர்பாராத எண் வந்தால் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். தொடக்க வாரங்களில் நல்ல கர்ப்பத்தில் எச்.சி.ஜி. இரண்டு நாளுக்கொரு முறை ஏறக்குறைய இரட்டிக்கும். பொய்யான எண் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். வேறு முறையாலும் பார்க்கலாம், சிறுநீரிலும் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டில் லான்செட் என்ற மருத்துவ இதழில் அமெரிக்க மருத்துவர்கள் பன்னிரண்டு பெண்களைப் பற்றி எழுதினர். இரத்தத்தில் இருந்த வேறு வகை எதிர்ப்பொருள்கள் பரிசோதனையைக் குழப்பி, இல்லாத எச்.சி.ஜி.யை இருப்பதாகக் காட்டியிருந்தன. அவர்களுள் பெரும்பாலோர் இல்லாத புற்றுக்காகக் கடும் மருந்தோ அறுவையோ ஏற்றிருந்தனர். அக்குழப்பம் சிறுநீரில் வராது. சிறுநீரையும் ஒரு முறை பார்த்திருந்தால் உண்மை முன்னரே விளங்கியிருக்கும்.

நான்காவது, இவற்றையெல்லாம் படித்துவிட்டுப் பரிசோதனையே பொய் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. கருவுறும் வயதுள்ள ஒரு பெண்ணுக்கு எச்.சி.ஜி. சிறிதளவே இருந்து, அடிவயிற்றில் வலியோ இரத்தப்போக்கோ தலைச்சுற்றலோ கண்டால், கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கக்கூடும். அஃது உயிருக்கு ஆபத்து. அப்போது மறுபரிசோதனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

ஆய்வுக்கூடத்துத் தாள் ஒரு சாட்சி. சாட்சி சொல்வதை மதிக்க வேண்டும். அதே வேளையில் அவர் யாரைக் கண்டு யாரென்று சொல்கின்றார் என்று குறுக்கு விசாரணையும் செய்ய வேண்டும். அந்த விசாரணையைச் செய்யத் தெரிந்தவர் மருத்துவர். அதற்கு வேண்டிய செய்திகளான வயதையும், மாதவிடாய்க் கணக்கையும், உண்ட மருந்தையும் மறைக்காமல் எடுத்துச் சொல்வது நம் கடமை. வீட்டில் மாத்திரைகளின் பெயரை எழுதி வைக்க ஒரு சிறு குறிப்பேடு இன்றே தொடங்குங்கள். அடுத்த முறை ஆய்வுக்கூடத்துக்குப் போகும்போது அது உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.